வீட்டுக் கணக்கில் 80 முடிந்தது, கருவூலக் கணக்கில் முடியவில்லை

வாசகியின் கடிதம்: "எங்கள் அப்பச்சி (அப்பா) 1968-ல் வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து, 2004 ஆகஸ்டில் திருப்பத்தூர் தாலுகா ஆபீஸில் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவர். ஜாதகப்படி 1945 ஆவணியில் பிறந்தவர் என்பதால் சென்ற ஆவணியில் 80 நிறைந்த விழா எடுத்தோம். 80 ஆனால் பென்ஷன் கூடும் என்றார்கள், இதுவரை கூடவில்லை. வங்கியில் கேட்டால் தங்களுக்குத் தெரியாது என்கிறார்கள். பணிப்பதிவேட்டில் அவர் பிறந்த தேதி 20.8.1946. இப்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத் தவிர வீட்டுப் படி இறங்குவதில்லை. உயிரோடு இருப்பதை ஆண்டுதோறும் காட்டும் நேர்காணலுக்கு எப்படி அழைத்துப் போவது? எங்கள் ஆத்தா (அம்மா) பெயர் பென்ஷன் புத்தகத்தில் மீனாட்சி, ஆதாரிலும் வங்கியிலும் மீனாள், வாக்காளர் அட்டையில் மீனாட்சி ஆச்சி. பின்னால் இதனால் தொல்லை வருமா? கணவரை இழந்த அக்காவும் அவர்களோடு இருக்கிறார். அவருக்கு ஏதாவது உண்டா? இரண்டாம் கட்டில் உள்ள பெட்டகம் நிறைய அப்பச்சியின் ஆபீஸ் காகிதங்கள், கரையான் ஏறுகிறது. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது?" (தேவகோட்டையிலிருந்து எழுதியிருக்கிறார்.)

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

80 வயதுக் கூடுதலை முதலில் கேட்டிருக்கிறீர்கள். அது எப்படியும் வந்துவிடும் பணம். ஒரு மாதம் தவறினாலும் நிலுவையோடு சேர்ந்து வரும். போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்களே, ஆத்தாவின் பெயர், அதுதான் பெரிய வேலை. அப்பச்சி நல்ல நினைவோடு கையெழுத்துப் போடும் இப்போதே அதை முடித்துவிட வேண்டும். பின்னால் விரிவாகச் சொல்கிறேன். முதல் கேள்வியை முதலில் தீர்த்துவிடுவோம்.

ஜாதகத்தில் 1945 இருக்கலாம். அரசுக்குத் தெரிந்த அப்பச்சி 20.8.1946-ல்தான் பிறந்தார். அந்தத் தலைமுறையில் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் சொன்ன தேதி எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறி, அதிலிருந்து பணிப்பதிவேட்டில் ஏறி, அதுவே நிலைத்துவிட்டது. பணிப்பதிவேட்டுப் பிறந்த தேதியைத் திருத்தக் கேட்பதானால் பணியில் சேர்ந்த 5 ஆண்டுக்குள் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கதவு 1973-லேயே சாத்தியாயிற்று. ஜாதகத்தையும் விழாப் பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு கருவூலத்துக்குப் போகாதீர்கள். 58 வயது வரை வேலை பார்த்து 2004 ஆகஸ்டில் ஓய்வு பெற்றதும் இதே தேதியை வைத்துத்தான். அந்தத் தேதியால் ஓராண்டு கூடுதலாகச் சம்பளம் வாங்கியாயிற்று, அதற்கு ஈடாக இந்தக் கூடுதல் ஓராண்டு தள்ளி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே அப்பச்சிக்கு 80 நிறைவது 20.8.2026-ல். கூடுதல் ஓய்வூதியம் பிறந்த நாளிலிருந்து கணக்கிடப்படாது, அந்த மாதத்தின் முதல் தேதியிலிருந்தே கிடைக்கும். அதாவது 1.8.2026 முதல். 80 நிறைந்தது முதல் 85 வரை அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு, 85 முதல் 30, 90 முதல் 40, 95 முதல் 50, 100 நிறைந்தால் 100 விழுக்காடு. 85-ல் வருவது 20-ன் மேல் இன்னொரு 30 அல்ல, 20 போய் அந்த இடத்தில் 30 வரும். இந்தக் குழப்பம் நிறைய வீடுகளில் இருக்கிறது.

கணக்கு இப்படி. அடிப்படை ஓய்வூதியம் 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 4,800. இரண்டும் சேர்ந்த 28,800-க்கு அகவிலைப்படி. கணக்குக்கு எளிதாக அகவிலைப்படி 50 விழுக்காடு என்று கொண்டால் மொத்தம் 43,200 ரூபாய். மருத்துவப்படி 300 ரூபாயில் மாற்றமில்லை. இந்தக் கணக்கைப் போடும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஓய்வு பெறும்போது ஓய்வூதியத்தில் ஒரு பகுதியைத் தொகுத்து மொத்தமாக வாங்கியிருப்பார். கம்யூடேஷன் என்றால் அப்பச்சிக்கு உடனே புரியும். அதற்கான பிடித்தம் 15 ஆண்டுக்குத்தான். 2019-ல் நின்றிருக்க வேண்டும். கருவூலத் துறையின் இணையதளத்திலோ களஞ்சியம் செயலியிலோ ஓய்வூதியச் சீட்டை இறக்கி, அந்த வரியில் இன்னும் தொகை ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அதற்குத் தனி மனு. 80 வயது மனுவோடு கலக்காதீர்கள். இரண்டு வேண்டுகோளை ஒரே தாளில் எழுதினால் ஒன்றுக்கு மட்டும் நடவடிக்கை எடுத்துக் கோப்பை மூடிவிடுவார்கள்.

வங்கியில் தெரியாது என்று சொன்னதில் தப்பில்லை. மாநில அரசு ஓய்வூதியத்தைக் கணக்கிட்டு அனுப்புவது கருவூலம். வங்கி அதை வாங்கிக் கணக்கில் வைக்கும் இடம், அவ்வளவுதான். நீங்கள் போக வேண்டியது அப்பச்சி ஓய்வூதியம் பெறும் சார்நிலைக் கருவூலத்துக்கு. கணினியில் பிறந்த தேதி சரியாக இருந்தால் கூடுதல் தானாகவே ஏறும். ஆனாலும் ஜூலை மாதமே ஒரு மனு கொடுத்துவிடுவது நல்லது. மனு இவ்வளவு இருந்தால் போதும் (கொடுப்பாணை என்பது நீங்கள் சொல்லும் பென்ஷன் புத்தகம்):

"ஐயா, நான் மேற்கண்ட ஓய்வூதியக் கொடுப்பாணை எண்ணின் கீழ் தங்கள் கருவூலத்தில் ஓய்வூதியம் பெற்று வருகிறேன். என் பிறந்த தேதி 20.8.1946. 20.8.2026 அன்று எனக்கு 80 வயது நிறைவதால், 1.8.2026 முதல் 20 விழுக்காடு கூடுதல் ஓய்வூதியம் அனுமதிக்க வேண்டுகிறேன். இணைப்பு: கொடுப்பாணை நகல், ஆதார் நகல், வங்கிப் புத்தக முதல் பக்க நகல்."

எழுதுவது அப்பச்சி, கொண்டுபோய்க் கொடுப்பது நீங்கள். இரண்டு படி எடுத்து, ஒன்றில் தேதியிட்ட முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கிக் கையெழுத்து மாறியிருந்தால் அதைச் சொல்லியே புது மாதிரிக் கையெழுத்தைக் கொடுத்துவிடலாம். 2004-ல் போட்ட கையெழுத்தையும் இன்றையதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எழுத்தருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. கையெழுத்தே வரவில்லை என்றால் இடது பெருவிரல் ரேகை, இரண்டு சாட்சி.

இனி நேர்காணல். அவரை எங்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அவருடைய நேர்காணல் மாதம் எது என்று கருவூலத்தில் உறுதி செய்துகொண்டு, அந்த மாத முதல் வாரத்திலேயே ஊர் அஞ்சலகத்தில் சொல்லிவையுங்கள். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி வழியாகத் தபால்காரர் வீட்டுக்கே வந்து டிஜிட்டல் வாழ்வுச் சான்றிதழ் எடுத்துக் கொடுப்பார். கட்டணம் 70 ரூபாய். ஆதார், கொடுப்பாணை எண், ஓய்வூதியக் கணக்கு எண், ஒரு கைபேசி இவை தயாராக இருந்தால் பத்து நிமிட வேலை.

தபால்காரர் கருவியில் விவரம் ஏற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஓய்வூதியம் அனுமதித்த அரசு என்ற இடத்தில் தமிழ்நாடு அரசு, வழங்கும் அமைப்பு என்ற இடத்தில் கருவூலத் துறை. அங்கே பழக்கதோஷத்தில் வங்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் சான்றிதழ் உருவாகிவிடும், குறுஞ்செய்தியும் வந்துவிடும், ஆனால் கருவூலத்துக்குப் போய்ச் சேராது. மூன்று மாதம் கழித்து ஓய்வூதியம் நிற்கும்போது, 'எடுத்தோமே, எண் இருக்கிறதே' என்று நிற்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். ஓய்வூதியம் நின்றாலும் போய்விடாது, சான்று கொடுத்ததும் நிலுவையோடு வரும். ஆனால் மாத்திரை மருந்து அந்தப் பணத்தில் ஓடுகிற வீட்டில் இரண்டு மாத இடைவெளி சின்னத் தொல்லை அல்ல.

வயதானவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் கைகழுவித் துடைத்து, தோல் வறண்டிருந்தால் துளி எண்ணெய் தடவி நன்றாகத் துடைத்துவிட்டு வையுங்கள். பெருவிரல் எடுக்கவில்லை என்றால் மோதிர விரலை முயலச் சொல்லுங்கள், அது குறைவாகத் தேய்ந்திருக்கும். அதுவும் இல்லையென்றால் முகம் காட்டும் முறை இருக்கிறது. நம் செட்டிநாட்டு வீடுகளின் உள்ளே வெளிச்சமும் குறைவு, கனத்த சுவரால் சிக்னலும் குறைவு. கட்டிலில் படுத்தபடி அறைக்குள் எடுத்தால் நான்கு முறை தோற்கும். நாற்காலியில் உட்காரவைத்து வளவு (நடுமுற்றம்) ஓரத் தாழ்வாரத்தில், முகத்தில் வெளிச்சம் விழும்படி எடுங்கள். முதுகுக்குப் பின்னால் வெயில் இருக்கக் கூடாது. சிக்னல் கிடைக்காவிட்டால் முகப்புக்கு வாருங்கள். எதுவுமே சரிவராவிட்டால் பழைய வழி: வாழ்வுச் சான்றுப் படிவத்தில் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடமோ ஓய்வூதியக் கணக்குள்ள வங்கியின் மேலாளரிடமோ கையொப்பம் வாங்கிக் கருவூலத்தில் சேர்ப்பது.

இப்போது ஆத்தாவின் பெயருக்கு வருவோம்.

ஓய்வூதியர் காலத்துக்குப் பின் குடும்பத்துக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் என்ன என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி என்றால் குடும்ப ஓய்வூதியம் 30 விழுக்காடு. அதாவது 24,000 இருந்த இடத்தில் 14,400. அப்பச்சியின் வயதுக்காகக் கிடைத்த 4,800 அவரோடு நின்றுவிடும். ஆத்தாவுக்குக் கூடுதல் வேண்டுமென்றால் ஆத்தாவுக்கு 80 நிறைய வேண்டும். ஆக 28,800 என்பது ஒரே நாளில் 14,400 ஆகும், சரிபாதி. சொல்வதற்குச் சங்கடமான கணக்குதான். அந்தப் பாதியும் பெயர்க் குழப்பத்தால் ஆறு மாதம் எட்டு மாதம் தள்ளிப்போகிற வீடுகள் இருப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொடுப்பாணையில் மீனாட்சி. அதைக் காட்டி மனுக் கொடுக்க வருபவர் ஆதாரில் மீனாள். மீனாட்சியை மீனாள் என்றும் விசாலாட்சியைச் சாலா என்றும் கூப்பிடுவது நமக்குப் பழக்கம், யாரும் யோசிக்கவே மாட்டோம். ஆதார் எடுக்க வந்த பிள்ளை 'பேர் என்ன பாட்டி' என்று கேட்டிருக்கும், கூப்பிடும் பெயரைச் சொல்லியிருப்பார்கள். கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். மூன்றாவதாக 'மீனாட்சி ஆச்சி' வேறு. ஆச்சி என்பது மரியாதைச் சொல், பெயரின் உறுப்பு அல்ல. எந்த ஆவணத்திலும் அதை ஏற்ற விடாதீர்கள்.

மூன்றில் எதைத் திருத்துவது? பலர் கொடுப்பாணையைத் திருத்தப் போய்விடுகிறார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். கொடுப்பாணைப் பெயர் பணிப்பதிவேட்டிலிருந்து வந்தது. நாமினி நியமனப் படிவம், குடும்ப உறுப்பினர் பட்டியல், ஓய்வூதியக் கருத்துரு எல்லாவற்றிலும் மீனாட்சிதான் இருக்கும். கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த படமும் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும். அதை மாற்றுவதென்றால் மனு ஓய்வு பெற்ற அலுவலகம் போய், அங்கிருந்து ஆட்சியர் அலுவலகம் போய், அங்கிருந்து சென்னை தேனாம்பேட்டை மாநிலக் கணக்காயர் அலுவலகம் போக வேண்டும். மூன்று இடத்திலும் யாராவது ஒருவர் ஒரு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பலாம். ஆதாரைத் திருத்துவது அதைவிடச் சின்ன வேலை. அதைத் திருத்தி, அதைக் காட்டி வங்கிக் கணக்கையும் பான் அட்டையையும் மீனாட்சி ஆக்கிவிடலாம்.

ஆனால் ஆதார் மையத்துக்கு ஓடும் முன் நிதானியுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே ஒரு முறையும்தான் திருத்தலாம். ஆத்தாவின் ஆதாரில் பிறந்த தேதி என்ன என்று பாருங்கள். ஜனவரி 1 என்று இருந்தால், அன்று வயதை மட்டும் சொல்லியிருக்கிறார்கள், கணினி ஆண்டைக் கணக்கிட்டு முதல் தேதியைப் போட்டிருக்கிறது என்று அர்த்தம். படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழோ பதிவுத்தாளோ கிடைக்குமா என்று தேடுங்கள். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்தாலும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பெயரும் தேதியும் இருக்கும். அதில் மீனாட்சி என்று இருந்தால் பெயர், தேதி இரண்டையும் ஒரே நடையில் திருத்திவிடலாம். பிற்பாடு ஆத்தாவின் 80 வயதுக் கூடுதலுக்கு அந்தத் தேதிதான் ஆதாரம். பிறந்த ஆண்டை இரண்டு ஆண்டு தள்ளிப் போட்டிருந்தால் இரண்டு ஆண்டுக் கூடுதல் போய்விடும்.

பள்ளிக் காகிதம் இல்லையென்றால்? நகரத்தார் கல்யாணத்தில் எழுதும் திருமண ஒப்பந்தமான இசைகுடிமானம் வீட்டில் இருக்கும். அதில் முழுப் பெயர், இரு வீட்டு விலாசம் (இனிஷியல்) எல்லாம் உண்டு. ஆனால் ஆதார் மையமோ கருவூலமோ அதைத் தனி ஆவணமாக ஏற்காது. அதையும் கல்யாணப் பத்திரிகையையும் துணைக்கு வைத்து, இருவரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் இந்துத் திருமணச் சட்டப்படித் திருமணத்தை இப்போது பதிவு செய்துகொள்ளலாம். ஐம்பது ஆண்டு கழித்துக் கல்யாணத்தைப் பதிவதா என்று அப்பச்சி சிரிப்பார். சிரிக்கட்டும். அந்தச் சான்றிதழில் கணவன் பெயரும் 'மீனாட்சி'யும் ஒரே தாளில் வந்துவிடும், அதற்குச் சமமான காகிதம் வேறில்லை. அப்பச்சியை ஒரு முறை காரில் அழைத்துப் போக வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கும் வழியில்லை என்றால்தான் மீனாட்சியும் மீனாளும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுப்பாணைப் பக்கம் போக வேண்டும். அதையும் அப்பச்சியே கணவர் என்ற முறையில் எழுதிக் கொடுத்தால் எடை அதிகம். அவர் இல்லாத காலத்தில் ஆத்தா தன்னைப் பற்றித் தானே எழுதிக் கொடுப்பதற்கு அந்த எடை இராது.

இனிஷியலையும் ஒரு முறை பாருங்கள். நம் பக்கத்தில் விலாசம் இரண்டு மூன்று பெயரின் எழுத்துகளைக் கோத்து வரும். பணிப்பதிவேட்டில் சுருக்கமாகவும், ஆதாரில் அவற்றை விரித்து முன்னும் பின்னும் மாற்றியும் எழுதியிருப்பார்கள். வேலையில் சேர்ந்த பிறகு சுவீகாரம் போனவராக இருந்தால் இனிஷியலே இரண்டு வீட்டுடையதாக இருக்கும். உங்கள் வீட்டில் அப்படியில்லை என்றால் இந்த வரியை விட்டுவிடலாம். எப்படியானாலும் கொடுப்பாணையில் எழுதியிருப்பதே தலைமை, மற்றவை அதை ஒட்டி வர வேண்டும்.

ஆதார் சரியானதும் ஆத்தாவின் பிறந்த தேதியைக் கருவூலப் பதிவில் ஏற்றச் சொல்லி அப்பச்சி ஒரு மனு கொடுக்கட்டும். கொடுப்பாணையிலேயே எழுத வேண்டும் என்று கருவூலத்தில் சொன்னால் மட்டும் ஓய்வு பெற்ற அலுவலகம் வழியாகக் கணக்காயருக்குப் போகும். அப்படி அனுப்பும் தபாலில் 'திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்' என்று முழுசாக எழுதுங்கள். 2019-ல் வேலூரிலிருந்து பிரிந்து திருப்பத்தூர் என்றே ஒரு மாவட்டம் வந்துவிட்டதால், வெறும் திருப்பத்தூர் என்று எழுதிய தபால் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. இணையப் படிவத்திலும் மாவட்டப் பட்டியலில் கண்ணில் பட்டதும் அதையே அழுத்திவிடுவோம், கவனம். பழைய பணி விவரம் கேட்க வேண்டி வந்தால் இன்னொன்று: சிவகங்கை தனி மாவட்டமானது 1985-ல்தான். அதற்கு முந்தைய பதினேழு ஆண்டுக் காகிதத்தில் இராமநாதபுரம் மாவட்டம் என்றே இருக்கும்.

மனுக் கொடுத்து இரண்டு மாதம் பதிலில்லை என்றால் ஆட்சியர் நடத்தும் ஓய்வூதியர் குறைதீர் நாளில் மனுவின் நகலோடு கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு கேள்வி: இன்ன தேதி முத்திரையிட்ட என் மனு இப்போது யார் மேசையில், எந்த நிலையில் இருக்கிறது? 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் பதில் வருவதற்குள் கோப்பே நகர்ந்துவிடும். துணை வட்டாட்சியராக இருந்த அப்பச்சிக்கு இதெல்லாம் நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கேள்வியை அவரையே எழுதச் சொல்லுங்கள், இன்னும் சுருக்கமாக எழுதுவார்.

துக்கம் நேரும்போது வீட்டில் யாருக்காவது நினைவிருக்க வேண்டிய ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வூதியம் இறந்த நாள் வரைக்குமானது, மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம். தகவல் போகாவிட்டால் கருவூலம் பழைய தொகையையே அனுப்பிக்கொண்டிருக்கும். அதை ஏ.டி.எம்.மில் எடுத்தால் பின்னால் ஆத்தாவின் பணத்திலிருந்து பிடிப்பார்கள், பிடித்து முடியும்வரை கணக்கு இழுபறிதான். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள், கட்டணமில்லை. சான்றிதழில் அவர் பெயர் கொடுப்பாணையில் உள்ளபடியே வரவேண்டும். ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதி 50,000 ரூபாயும் உண்டு. மாதாமாதம் ஓய்வூதியத்தில் அதற்குப் பிடித்தம் போகிறதா, நியமனதாரர் பெயர் எப்படி இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். அங்கும் மீனாள் என்று இருக்கக் கூடாது.

மருத்துவக் காப்பீட்டு அட்டையிலும் இதே பெயர்ப் பிரச்சினை வரும். இப்போதைய திட்டம் 2022 ஜூலை 1 முதல் 4 ஆண்டுக்கானது, மாதம் 497 ரூபாய் பிடித்தம். 2026 ஜூன் 30-ஓடு அந்தக் காலம் முடிகிறது. ஒப்பந்தம் மாறும் சமயத்தில் அடுத்த அட்டைக்கான விவரம் சரியாக ஏறியிருக்கிறதா என்று கருவூலத்தில் பார்த்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு அட்டையைத் திருத்த முடியாது.

அக்காவைப் பற்றி. கணவரை இழந்த மகளுக்கு 25 வயது கடந்திருந்தாலும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஆனால் அவர் முறை ஆத்தாவுக்குப் பிறகுதான். பெற்றோரைச் சார்ந்திருக்க வேண்டும், சொந்த வருமானத்துக்கு வரம்பு உண்டு, மறுமணம் செய்தால் நிற்கும். கணவர் அரசு வேலையில் இருந்து, அதற்கான குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார் என்றால் அதுவே வருமானமாகக் கணக்கில் வரும். இப்போது செய்ய வேண்டியது: அப்பச்சி தன் குடும்ப உறுப்பினர் பட்டியலைப் புதிதாக எழுதி, அக்கா கணவரை இழந்து தன்னோடு இருப்பதைக் குறிப்பிட்டு, மருமகனின் இறப்புச் சான்றிதழ் நகலோடு ஓய்வு பெற்ற அலுவலகத்துக்கும் கருவூலத்துக்கும் கொடுத்து முத்திரை வாங்குவது. பெற்றோர் இருக்கும்போதே அக்கா விதவையாகிவிட்டார் என்பதற்கு அப்பச்சி கைப்பட எழுதிய இந்தத் தாள் பின்னால் மிகவும் உதவும். அக்காவின் ஆதாரில் கணவர் பெயர்தான் இருக்கும். இவர் இன்னாரின் மகள் என்று காட்ட அவருடைய பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டகம். ஓய்வு ஆணை, கொடுப்பாணை, கடைசிச் சம்பளச் சான்று, பணிக்கொடை மற்றும் கம்யூடேஷன் ஆணைகள், ஒவ்வொரு ஊதியக் குழுவுக்குப் பின்னும் வந்த ஓய்வூதியத் திருத்த ஆணை, நியமனப் படிவங்கள். இவை ஒரு கட்டு. கொடுப்பாணையை லேமினேட் செய்துவிடாதீர்கள், கருவூலத்தில் அதன் மேல் எழுதி முத்திரையிட வேண்டி வரும். பெட்டகத்துக்குள் திரும்ப வைக்காமல் தகரப் பெட்டியிலோ இரும்பு பீரோவிலோ, சுவரை ஒட்டாமல் வையுங்கள். படியெடுத்த அரசாணைகள், சுற்றறிக்கைகள், சங்கக் கடிதங்கள், பழைய சம்பளச் சீட்டுகளைக் கழிக்கலாம்.

அரசுக் கோப்பு ஏதும் கிடந்தால் அது தனி. வரைபட நகல், கணக்குப் பக்கம், முத்திரையிட்ட மூலப் பட்டா, யாரோ கொடுத்த மனு இப்படி எதுவாக இருந்தாலும் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள், தீயிலும் போடாதீர்கள். பட்டியல் எழுதி, தாலுகா ஆபீஸில் ஒப்படைத்து ஒப்புகை வாங்குங்கள். இன்னொருவர் நிலத்தின் ஒரே மூலக் காகிதம் அதில் இருக்கலாம். அப்பச்சி சொந்தமாக எழுதிய நாட்குறிப்பும் சுற்றுப்பயணக் குறிப்பும் உங்களுடையவை. அதில் ஆண்டு புரியாமல் விழித்தால், வருவாய்த் துறைக் கணக்கில் வரும் பசலி ஆண்டோடு 590-ஐக் கூட்டுங்கள். பசலி 1394 என்றால் 1984 ஜூலை முதல் 1985 ஜூன் வரை. எந்தக் கண்மாய், எந்த ஜமாபந்தி என்பதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பேனா மை பழைய தாளில் மறுபக்கம் ஊறிவிடும்.